ஒப்புதல் தேவைப்படாத ஒப்பந்தங்கள்

தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. 2007-இல் தொடங்கி, 2013-இல் முடங்கி, 2022-இல் மீண்டும் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தை நிறைவடைந்ததாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரிட்டிஷ் அரசு எந்த ஒப்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன்பும் அதை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஒப்பந்தங்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம். உலகின் மிகப்பெரிய ஜனநாயகத்தின் நாடாளுமன்றத்துக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

அரசியல் சாசனத்தின் 73-வது பிரிவின்படி ஒப்பந்தம் செய்து கொள்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒப்பந்தத்தைச் செயல்படுத்தப் புதிய சட்டம் தேவைப்பட்டால் மட்டுமே, 253-வது பிரிவின் கீழ் அது நாடாளுமன்றத்துக்கு வருகிறது. இறக்குமதி வரியைக் குறைக்க அதுவும் தேவையில்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.

இதன் விளைவை அறிய ஆசியான் ஒப்பந்தமே போதுமானது. 2009-இல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தால் பாமாயிலும், தேயிலையும், காபியும், மிளகும் வரி குறைந்து உள்ளே வரும் என்று அஞ்சி, கேரளத்தின் அன்றைய ஆளும் இடதுசாரி முன்னணியே மனிதச் சங்கிலிப் போராட்டம் நடத்தியது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தும், மாநிலத்தின் குரல் தெருவில்தான் ஒலித்தது. 2010-11-இல் சுமார் 500 கோடி டாலராக இருந்த ஆசியானுடனான வர்த்தகப் பற்றாக்குறை, 2022-23-இல் 4,300 கோடி டாலரைத் தாண்டியது. ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்ய இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே 2019-இல்தான்.

தடையற்ற வர்த்தகமே தீது என்பதல்ல இதன் பொருள். பற்றாக்குறை அனைத்தும் இழப்பும் அல்ல. மலிவான மூலப்பொருள் தொழிலுக்கு உதவுகிறது, மலிவான சமையல் எண்ணெய் ஏழையின் அடுப்புக்கு உதவுகிறது. பிரிட்டனில் வங்கதேசத்தின் ஆயத்த ஆடைகள் வரியின்றி நுழைய, இந்திய ஆடைகள் 12 சதவீதம் வரை வரி செலுத்தி வந்தன. அந்த வரி நீங்குவது திருப்பூருக்கு நற்செய்தி. அதே ஒப்பந்தம், ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத வரியை முதலில் பாதியாகவும், பத்தாண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க வகை செய்கிறது.

சிக்கல் இங்குதான். லாபம் ஒரு மாவட்டத்துக்கு, இழப்பு இன்னொரு மாவட்டத்துக்கு என்று பிரியும்போது, யாருக்காக யார் விட்டுக்கொடுப்பது என்பதை வர்த்தக அமைச்சக அதிகாரிகள் மட்டுமே முடிவு செய்வது எப்படி முறையாகும்? 2019 நவம்பரில் ஆர்சிஇபி ஒப்பந்தத்தில் சேருவதில்லை என்று எடுத்த முடிவைப் பலரும் வரவேற்றார்கள். அந்த முடிவும் அவைக்கு வெளியேதான் எடுக்கப்பட்டது.

நாடாளுமன்றம் தலையிட்டால் காரியம் கெடும் என்பார்கள். அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காகக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2005 மார்ச்சில் அவைக்கு வந்தபோது, இடதுசாரிகளின் நெருக்குதலால் அதன் 3(டி) பிரிவு வலுப்படுத்தப்பட்டது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதை அது தடுத்தது. அந்தப் பிரிவின் பலத்தில்தான், ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

பேச்சுவார்த்தையின்போது ரகசியம் காப்பது நியாயம். பேரம் பேசுபவர் தன் கையிருப்பை வெளிப்படுத்த முடியாதுதான். ஆனால் வாசகம் முடிவான பிறகு, ஒப்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன், எந்தத் தொழில் வளரும், எந்தப் பயிர் பாதிக்கப்படும் என்ற மதிப்பீட்டுடன் அதை வர்த்தக நிலைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பவும், பாதிக்கப்படும் மாநிலங்களின் கருத்தைக் கேட்கவும், அவையில் விவாதித்து வாக்கெடுக்கவும் என்ன தடை? அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே இருக்கிறது.

ஒரு ரூபாய் வரி விதிக்கவும் மக்களவையின் அனுமதி வேண்டும் என்பது நமது சாசனம். ஒரு தலைமுறையின் வாழ்வாதாரத்தை மாற்றி எழுதும் ஒப்பந்தத்துக்கு அந்த அனுமதி வேண்டாமா?