தட்டம்மையும் உடலின் நினைவும்

"ஒரு முறை வந்து போனால் உடம்பு உரம் பெறும்" என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்றும் வழங்கி வருகின்றது. மணல்வாரி என்று நம் பாட்டிமார் பெயரிட்டழைக்கும் தட்டம்மையைப் பற்றி இப்பேச்சினை மிகுதியாய்க் கேட்கலாம். குழந்தையை வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டால், அதன் பின் கவலை இல்லை என்பர். கற்றோரும் இதனையே வேறு சொற்களால் கூறக் கேட்கின்றோம். இயற்கையாய் வரும் நோய் அளிக்கும் காவல், ஊசியினால் வரும் காவலினும் மேம்பட்டது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மை உளது. அப்பாதி உண்மையே மற்றப் பாதிப் பிழையைத் தோளில் சுமந்து வீடு வீடாய்த் திரிகின்றது என்பது எமது கருத்து. ஆதலின், உடலானது தன்னுள் புகும் அந்நியப் பொருளை எங்ஙனம் அறிகின்றது, அறிந்ததனை எங்ஙனம் நினைவில் இருத்துகின்றது என்பதனைச் சிறிது விரித்துரைத்து, அதன்பின் எம் வழக்கினை எடுத்துரைப்போம்.

முதலில் அப்பாதி உண்மைக்கு உரிய மதிப்பினைக் கொடுத்துவிடுவோம். அட்லாண்டிக் பெருங்கடலின் வடபால் ஃபாரோ என்னும் தீவுக்கூட்டம் ஒன்று உளது. டென்மார்க்கு அரசின் ஆட்சிக்குட்பட்டது. அங்கு 1781-ஆம் ஆண்டில் தட்டம்மை பரவிற்று. பின்னர் அறுபத்தைந்து ஆண்டுகள் அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கோப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறி வந்த தச்சர் ஒருவரோடு அது மீண்டும் கரையேறிற்று. ஏறக்குறைய 7,800 மக்களுள் 6,000-க்கு மேற்பட்டோர் சில திங்களுக்குள் படுக்கையில் வீழ்ந்தனர். நிலைமையை ஆராயும்படி டென்மார்க்கு அரசினர் அனுப்பிய வைத்தியருள் ஒருவர் பீட்டர் பானும் என்பவர்; வயது இருபத்தைந்தே. அவர் ஊர் ஊராய்ச் சென்று, யார் எந்நாளில் யாரைச் சந்தித்தார், எந்நாளில் உடலில் தடிப்பு எழுந்தது என்று கேட்டுக் குறித்து வைத்தார். நோயாளியைச் சந்தித்த பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்களில் தடிப்பு எழும் என்னும் கணக்கு அவ்வாறு கிடைத்ததாகும். அதனினும் வியப்பானது மற்றொன்று. 1781-இல் சிறுவராயிருந்து அந்நோய் கண்டு பிழைத்த முதியோருள் ஒருவரேனும் இம்முறை நோயுறவில்லை. அக்காலத்தில் நோய்க்குத் தப்பியிருந்த முதியோரோ, இம்முறை நோயாளியரை அடுத்தபோது தப்பவில்லை. நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை நிலைபெறாத காலத்தில், உடலின் நினைவு அறுபத்தைந்து ஆண்டு மங்காதிருந்ததனை ஓர் இளைஞர் ஒரு குறிப்பேட்டின் துணைகொண்டு நிறுவினார்.

இந்நினைவு உடலில் எங்கே உறைகின்றது? எதிர்ப்பொருளைப் பிறப்பிக்கும் அந்நியப் பொருளுக்கு ஆண்டிஜன் என்று பெயர். இரத்தத்திலும் நிணநீரிலும் உலவும் வெள்ளணுக்களுள் லிம்போசைட்டு என்னும் இனத்தவை அந்த ஆண்டிஜனை இனங்காண வல்லவை. இவற்றுள் பி-அணு என்னும் வகை, தன் மேற்புறத்தில் ஒரே வடிவினதாகிய ஏற்பியைத் தாங்கி நிற்கும். அந்த ஏற்பியின் குழிவிற்கு இயைந்த மேடுடைய பொருள் வந்து பொருந்தினால் அணு விழித்தெழும், இன்றேல் வாளாவிருக்கும். இயற்கையில் எங்குமில்லாத, இரசாயன சாலையிலேயே ஆக்கப்பட்ட பொருள்களையும் விலங்குகளின் உடல் இனங்கண்டு எதிர்ப்பொருள் செய்கின்றது என்று லாண்ட்ஸ்டெய்னர் சோதித்துக் காட்டினார். உலகில் இதுகாறும் தோன்றாத பொருளுக்கும் பொருத்தமான ஏற்பி முன்னமே உடலில் இருத்தல் இயலுமா?

இயலாது என்றே அறிஞர் பலர் எண்ணினர். 1940-இல் லைனஸ் பாலிங் என்னும் பெரியார், ஆண்டிஜன் வந்த பின்னரே எதிர்ப்பொருள் அதன்மேல் படிந்து அதற்கேற்ப வடிவம் பெறுகின்றது என்று கூறினார். இது தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதனை ஒக்கும். கேட்போர்க்கு இனிய கொள்கை. ஆயினும் உண்மை வேறாயிருந்தது. 1957-இல் ஆஸ்திரேலிய நாட்டு பர்னெட் வேறொரு கொள்கையை வெளியிட்டார். அதனை எம் மாணவர்க்கு வளையற்காரரைக் கொண்டு விளக்குதல் எளிது. வளையற்காரர் கையை அளந்து வளையல் வார்ப்பதில்லை. எல்லா அளவிலும் வளையல்களைக் கோத்துத் தோளில் தொங்கவிட்டே தெருவிற்கு வருகின்றார். எந்தக் கை வந்தாலும் அதற்குப் பொருந்தும் வளையல் முன்னமே அவரிடம் உளது. உடலும் அத்தகையதே. ஆண்டிஜன் வருமுன்னரே கோடிக்கணக்கான வடிவங்களில் அணுக்கள் ஆயத்தமாய் நிற்கின்றன; வந்த பொருள் தனக்குப் பொருந்தியதனைத் தேர்கின்றது. தேரப்பட்ட அணு பிளந்து பிளந்து பெருகி ஒரு குலமாகின்றது. (வளையல் விற்ற பின் தானே பெருகுமாயின் நம் வளையற்காரர் பெருஞ்செல்வராயிருப்பர், உவமை அவ்விடத்தில் முறிகின்றது.)

மனிதனுக்குள்ள ஜீன்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவற்றைக் கொண்டு கோடிக்கணக்கான வடிவங்கள் ஆவது எங்ஙனம் என்னும் ஐயத்தை 1976-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய சுசுமு டோனெகாவா தீர்த்தார். பி-அணு வளரும்போது, ஏற்பிக்குரிய ஜீன்களின் துண்டுகள் வெட்டப்பட்டுப் புதிய வரிசையில் ஒட்டப்படுகின்றன. சில எழுத்துக்களைக் கொண்டு ஒரு மொழியின் சொற்களனைத்தும் ஆவதுபோல, சில துண்டுகளின் சேர்க்கையால் எண்ணிறந்த வடிவங்கள் பிறக்கின்றன. இதற்காக 1987-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டி-அணு என்னும் மற்றொரு வகை, அந்நியப் பொருளை முழுதாய்க் காண்பதில்லை. உடலின் அணுக்கள் தம்முள் உள்ள புரதங்களைச் சிறு துணுக்குகளாக்கித் தட்டில் வைத்து ஏந்துவதுபோல மேற்புறத்தில் ஏந்துகின்றன. டி-அணு அத்தட்டையும் துணுக்கையும் சேர்த்தே படிக்கின்றது. டோஹர்ட்டி, சிங்கெர்நாகல் என்னும் இருவர் 1974-இல் இதனைக் கண்டனர். மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியே இவ்வணுக்களின் பள்ளிக்கூடம். அங்குப் புகுவனவற்றுள் மிகச் சிலவே தேறி வெளிவருகின்றன. தன் உடலையே பகையென்று மயங்குவன பலவும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. நம் பல்கலைக்கழகத் தேர்வு கடிதென்போர் இச்சுரப்பியை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். இதனையும் தப்பி வெளிவந்தவற்றை அடக்கியாளும் காவலணுக்களும் உள என்று காட்டியோர்க்கு 2025-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆகவே, உடற்காவலின் பெருமை வெறும் வலிமையில் இல்லை. இன்னார் இனியர், இன்னார் அயலார் என்று பகுத்தறிவதில் உளது. "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று 2020-ஆம் ஆண்டு முதல் கடைதோறும் விற்கப்படும் பொடிகளைப் பற்றி யாம் இங்கு மிகுதியாய்க் கூறப்போவதில்லை. பெருக்கப்படுவது எது, எந்த அணு, எந்த ஆண்டிஜனுக்கு எதிராக என்று விற்போரைக் கேட்டுப் பார்த்தல் நன்று.

முதன்முறை ஆண்டிஜன் வந்தபோது, அதற்குரிய அணுவைத் தேடிப் பெருக்கிப் படையாக்குவதற்குப் பல நாட்கள் கழிகின்றன. அந்நாட்களிலேயே நோய் தன் கைவரிசையைக் காட்டுகின்றது. நோய் தணிந்தபின் பெருகிய குலத்திற் பெரும்பகுதி மடிகின்றது. ஒரு சிறு பகுதி நினைவணுக்களாய் எஞ்சுகின்றது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்களுள் சில எலும்பு மஜ்ஜையிற் குடியேறிப் பல்லாண்டு வாழ்கின்றன. இரண்டாம் முறை அதே பகைவன் வரின், நாட்கணக்கில் ஆகவேண்டிய வேலை விரைவில் முடிகின்றது. தட்டம்மை வைரஸின் மேற்புறப் புரதங்கள் பெரிதும் மாறுவதில்லை. ஆதலின் ஃபாரோத் தீவின் முதியோரை அது ஏமாற்ற இயலவில்லை. ஆண்டுதோறும் வேடம் மாற்றும் இன்ஃப்ளுவென்சாவின் நிலை வேறு.

இனி அவ்வாதத்தின் மற்றப் பாதிக்கு வருவோம். 1908-ஆம் ஆண்டில் பிர்க்கே என்னும் ஆஸ்திரிய வைத்தியர் ஒரு புதுமையைக் கண்டார். காசக் கிருமியின் சாரத்தைத் தோலிற் செலுத்தினால், முன்னமே அக்கிருமியை அறிந்த குழந்தையின் தோல் தடித்துச் சிவக்கும். அக்குழந்தைக்குத் தட்டம்மை கண்ட நாட்களில் அத்தடிப்பு எழவில்லை. உடல் தான் அறிந்ததனைச் சிலகாலம் மறந்தாற்போலிருந்தது. காரணம் அன்று விளங்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தட்டம்மை வைரஸ் அணுக்களுட் புகும் வாயிலைக் கண்டனர். அவ்வாயில் லிம்போசைட்டுகளின் மேற்புறத்தேயே உளது. நினைவணுக்களில் அது மிகுதி. ஏனைய கிருமிகள் காவலரைக் கண்டு ஒளிய, இதுவோ காவலர் குடியிருப்பையே தேடிப் புகுகின்றது. வைரஸ் புகுந்த அணுக்களை உடலே அழிக்க வேண்டியதாகின்றது. அவ்வழிவிலே, முன் வந்த பற்பல நோய்களின் நினைவைத் தாங்கிய அணுக்களும் மாள்கின்றன. பின்னர் இரத்தத்தில் லிம்போசைட்டுகளின் தொகை நிரம்பிவிடும். ஆயினும் புதிதாய் நிரம்பியவை பெரும்பாலும் தட்டம்மையை மட்டுமே அறிந்தவை. ஏட்டுச் சுவடிகளெல்லாம் எரிந்துபோக, அதே அலமாரியில் ஒரே நூலின் படிகளை அடுக்கி வைத்தாற்போல என்க.

இது வெறும் ஊகமன்று. நெதர்லாந்து நாட்டில் தடுப்பூசி பெறாத 77 குழந்தைகளின் இரத்தத்தை, நோய் வருமுன்னும் வந்தபின்னும் எடுத்துச் சோதித்து, அதன் முடிவை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் ஈட்டியிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை மறைந்திருந்தன. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இவ்விழப்புக் காணப்படவில்லை. தட்டம்மை பரவிய பின் இரண்டு மூன்று ஆண்டுகள் பிற தொற்று நோய்களால் குழந்தைகள் இறப்பது மிகுந்திருந்ததாக, பழைய மரணக் கணக்குகளைக் கொண்டு 2015-இலேயே காட்டப்பட்டிருந்தது. உரம் பெற்றதாக நாம் எண்ணிய குழந்தை, ஒரு நோய்க்குக் காவல் பெற்று, பல நோய்களுக்கு ஈட்டிய காவலை விலையாகக் கொடுத்திருக்கின்றது. அடுத்த ஆண்டு அதற்குக் கபவாத சுரம் வரின், மணல்வாரியை யாரும் காரணமாகக் கருதுவதில்லை.

இயற்கைக் காவலே நீடித்தது என்போர்க்கு யாம் மறுப்புக் கூறவில்லை, நீடித்ததுதான். தடுப்பூசி ஒரு முறை இடின் நூற்றுக்கு 93 பேரும், இரு முறை இடின் 97 பேரும் காவல் பெறுவர் என்பது கணக்கு. எஞ்சும் சிலரும் உளர். ஊசியிட்ட குழந்தைக்குச் சிலபோது காய்ச்சலும் இலேசான தடிப்பும் வருதலும் உண்மையே. ஆயினும் ஒப்பிட வேண்டுவது இரு காவல்களை மட்டுமன்று. அவற்றிற்கு நாம் கொடுக்கும் விலையினையுமாம். ஊசியிலுள்ள வைரஸ் உயிருடையதாயினும் வலிகுன்றியது. பி-அணுவும் டி-அணுவும் ஆண்டிஜனை அறிந்து குலம் பெருக்க அது போதும். நினைவுக் களஞ்சியத்தைச் சூறையாட அதற்கு ஆற்றலில்லை. 1963-இல் இவ்வூசி உரிமம் பெற்றது. 2023-ஆம் ஆண்டில் உலகத்தில் தட்டம்மையால் இறந்தோர் ஏறக்குறைய 1,07,500 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவருள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத, ஊசி பெறாத அல்லது குறைவாகப் பெற்ற குழந்தைகள்.

நம் நாட்டில் ஒன்பதாந் திங்களில் ஒரு முறையும், இரண்டாம் வயது நிரம்புமுன் மற்றொரு முறையும் அரசினர் இவ்வூசியை விலையின்றி இடுகின்றனர். 2017-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளோர்க்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசியிடும் இயக்கம் முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அப்போது கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் அஞ்சிப் பெற்றோர் பலர் மறுத்ததனை நம்மிற் பலர் நேரிற் கண்டோம். எழுத்தறியாதார் மட்டும் மறுத்தனர் என்று கூறுவதற்கில்லை. பட்டம் பெற்றோரே செய்தியை அனுப்பினர். பட்டம் பெற்றோரே நம்பினர். நம் கல்லூரிகளில் லிம்போசைட்டின் படத்தை வரைந்து பகுதிகளைக் குறிக்கக் கற்பிக்கின்றோம். அதற்கும் தன் தங்கையின் தோளில் இடப்படும் ஊசிக்கும் என்ன உறவு என்று கேட்கக் கற்பிப்பதில்லை. பாட்டியாரைப் பழிப்பதற்கு யாம் உடன்படோம். அவர் கண்ணாற் கண்டது பானும் கண்டதே: ஒரு முறை வந்தவர்க்கு மறுமுறை வரவில்லை. நினைவணுக்களின் அழிவை அவர் காண வழியில்லை. காண வழியுடைய நாம் அவரிடம் போய்ச் சொல்லாததே குறை.

ஊசி இட்டுக்கொள்ள இயலாதாரும் உளர். ஒன்பது திங்கள் நிரம்பாத சிசு, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துண்ணும் சிறுவன், கருவுற்ற தாய் ஆகியோர்க்கு உயிருள்ள இவ்வூசியைப் பொதுவாக இடுவதில்லை. அவர்களுக்குக் காவல், அயலார் பெற்ற காவலே. தட்டம்மை பரவுந் திறத்தில் மிகக் கொடியது. நோயாளி ஒருவர், காவலற்ற ஊரில் பன்னிருவர் முதல் பதினெண்மர்க்கு அதனை அளிக்க வல்லவர். ஆதலின் நூற்றுக்குத் தொண்ணூற்றைவராவது காவல் பெற்றிருந்தாலன்றி ஊரில் அது புகாமல் நிற்காது.

நண்பர்காள், நம் விடுதிகளில் பல ஊரினரும் ஓரறையில் உறங்கி, ஒரே கூடத்தில் உண்கின்றோம். சேர்க்கைப் பத்திரத்தில் தந்தையாரின் ஆண்டு வருமானம் வரை வினவப்படுகின்றது; இவ்வூசி இரு முறையும் இடப்பட்டதா என்னும் வினா அதில் இல்லை. இட்டதற்குச் சான்று இல்லாதவர், வைத்தியர் தடுக்கும் காரணம் இன்றேல், மீண்டும் இட்டுக்கொள்ளுதலால் தீங்கில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர், முகாமிட்ட கிராமத்தில் சாலையைச் செப்பனிடுவதோடு, ஒன்பதாந் திங்கள் ஊசி பெற்று இரண்டாவதனைப் பெறாத குழந்தைகளின் பெயர்களைக் கிராம செவிலியருடன் அமர்ந்து தொகுத்துத் தருதலும் கூடும். பானுமுக்கு வேண்டியிருந்த குறிப்பேட்டுக்கு மேல் அதற்குக் கருவி வேண்டுவதில்லை. வரும் ஜூன் திங்களில் அச்சாகும் சேர்க்கைப் பத்திரத்தில் மேற்குறித்த வினாவினை ஒரு வரியாகச் சேர்க்கும்படி அதிபரவர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் கேட்டுக்கொள்கின்றோம்.