பழைய கார் வாங்கலாமா?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. பழைய கார் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாய் திறந்தால், எதிரே நிற்பவர் வாயிலிருந்து முதலில் வந்து விழுவதும் இதுதான். 2023-ஆம் ஆண்டு கோடையில் என் தந்தை அப்படிச் சொன்னபோது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இந்தப் பழமொழியைச் சொல்லாதவர்கள் இல்லை. பழமொழி பொய்யன்று. ஆனால் அது முழுக் கணக்கும் அன்று என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்குக் கார் ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் அப்பாவுக்கு ஒரு சிறிய பாத்திரக்கடை உண்டு. அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் காவிரியைத் தாண்டி இயன்முறைச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பேருந்துப் படியில் அவரால் ஏற முடியவில்லை. போதாக்குறைக்கு, 1976-ஆம் ஆண்டு முதல் நம்மைச் சுமந்துவரும் காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக 2022-இல் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஆட்டோக்கள் சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு காரு இல்லாம ஆகாதுப்பா" என்றார்.

புதிய காரா, பழைய காரா? நான் பொருளியல் மாணவன் என்பதால் கணக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது. ஐந்து லட்ச ரூபாய்க் கடன், நூற்றுக்கு 9 வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டேன். மாதம் ஏறத்தாழ 8,045 ரூபாய் வந்தது. ஏழு ஆண்டு முடியும்போது வட்டி மட்டும் 1,75,000 ரூபாயைத் தாண்டிவிடும். இதற்கு முன் கையிலிருந்து போடும் முன்பணமும், ஆண்டுதோறும் கட்டும் முழுக் காப்பீடும் தனி.

இனி எங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். வீடு, கடை, மருத்துவமனை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர், மாதத்திற்கு 400. பழைய சிறிய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், புதியது 20-ம் தருவதாகக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால், மாதத்திற்கு வித்தியாசம் 670 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. குறைவாக ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் பெரிய செலவன்று. நின்றுகொண்டிருக்கும்போதே தின்னும் வட்டியும் தேய்மானமும்தான் பெரிய செலவு. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். அவர் என் சொல்லைக் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. பாத்திரக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தவணை மாதம் பார்த்து வருவதில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா இரவில் தூங்க மாட்டார். ஆகவே பழைய கார் என்றே முடிவாயிற்று.

எந்தப் பழைய கார்? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். என் நண்பன் ஒருவன் அம்பாசிடர்தான் வாங்க வேண்டும் என்றான். 1958 முதல் 2014 வரை ஏறத்தாழ ஒரே உருவத்தில் வெளிவந்த கார் அது. அதன் பின்னிருக்கையில் உட்காராத தமிழ்க் குடும்பம் இருக்குமா? பிரீமியர் பத்மினியும் அப்படியே. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடி, 2023 அக்டோபரில்தான் அந்தச் சாலைகளிலிருந்து விடைபெற்றது. நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்றும் அன்போடு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்ப்பது வேறு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவது வேறு. அன்றாடம் ஓட்டும் பழைய வண்டிக்கு ஒரே இலக்கணந்தான்: உதிரிபாகம் அன்றைக்கே அடுத்த தெருவில் கிடைக்க வேண்டும்.

அந்த இலக்கணத்துக்குப் பொருந்தியது மாருதி 800. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்ட கார். 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். நீளம் மூன்றேகால் மீட்டருக்குச் சற்றே அதிகம். சித்திரை வீதியிலிருந்து சந்துக்குள் திரும்பும்போது இந்தச் சிறுமையே பெருமையாகிறது. கைபடாத மெக்கானிக் இல்லை. கிடைக்காத போல்ட் இல்லை. 2007-ஆம் ஆண்டு வண்டி ஒன்று 85,000 ரூபாய்க்கு வந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அப்பா முதலில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். பிறகுதான் காரைப் பார்க்கப் போனார். இந்த வரிசைதான் சரியான வரிசை என்பது என் கருத்து. மெக்கானிக் பாய் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "அண்ணே, வண்டிக்கு எத்தனை வயசுன்னு அப்புறம் கேப்போம். தரைத் தகடு எப்படி இருக்குன்னு முதல்ல பாப்போம்."

அதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் காருக்குத் தனியாக ஒரு சட்டம் கிடையாது. தரைத் தகடும் உடலுமே சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. எஞ்சின் தேய்ந்தால் பிரித்துச் செய்யலாம். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எதையும் மாற்றலாம். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வண்டியே போயிற்று. நம் ஊர்ப் பாலங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிப் பாலத்தில் தேய்ந்த இணைப்புகளை மாற்றினார்கள். தூண்கள் உறுதியாக இருந்ததால் அது மறுபடி நமக்குக் கிடைத்தது. கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலமோ, பக்கத்தில் புதுப்பாலம் வந்து போக்குவரத்து நின்ற பின், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்தது. இரண்டும் பழையவைதாம். ஒன்றைப் பழுது பார்க்கலாம். மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காணும் கண்தான் பழைய கார் வாங்குபவனுக்கு வேண்டிய முதல் மூலதனம்.

பாய் காலை நேரத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சாவியைத் திருகச் சொன்னார். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளுமாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் திரிந்ததுபோல் இருந்தால், தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது என்று அறியலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. மிதியடியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். பாட்டரியின் அடியைப் பார்க்க வேண்டும். வண்டியில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, பழைய கடன் சான்றிதழில் நிற்கிறதா, அபராதம் ஏதும் பாக்கி உண்டா என்பவற்றையும் விடக் கூடாது. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கியதோடு நின்றுவிடாமல் பெயரையும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் அவர் பெயரல்லவா முன்னே நிற்கும்?

முதல் மூன்று மாதத்தில் பழமொழி தன் வேலையைக் காட்டியது. நான்கு டயர், பிரேக் வீல் சிலிண்டர்கள், கிளட்ச், பாட்டரி, ரப்பர் குழாய்கள் என்று 31,000 ரூபாய் ஆயிற்று. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டியின் ரப்பர் அதற்கென்று செய்ததன்று என்பதால் பெட்ரோல் குழாய்களையும் மாற்றினோம். ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள், வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை மேலும் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கையிலிருக்கும் முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டவன் பழைய காரை வாங்கவில்லை, கவலையை வாங்கினான்.

ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு சித்திரை மாதத்து மாலை ஒன்றில் மாம்பழச்சாலை நெரிசலில் வண்டி நின்றது. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது; முன்புறம் ஆவி கிளம்பியது. பின்னால் ஹாரன் சத்தம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்தக் காலோடு ஓரத்துக்கு நடந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கடனை வாங்கியே தொலைச்சிருக்கலாம்" என்றார். நான் போட்ட கணக்கு எல்லாம் அந்த இடத்தில் எனக்கே வெட்கமாகத் தோன்றியது.

காரணம் என்ன தெரியுமா? ரேடியேட்டர் விசிறியை ஓடவைக்கும் ஒரு சிறிய ஸ்விட்ச். சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்றச் சொல்லி பாய் இரண்டு முறை சொல்லியிருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவர்கள் நாங்கள். புதிய கார் நம் சோம்பலைச் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும். பழைய கார் பொறுக்காது. அன்று முதல் வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன். ஆயில் மாற்றிய நாள், பிரேக் பார்த்த நாள், அடுத்து மாற்ற வேண்டியது எது என்று எழுதி வருகிறேன். அதன்பின் வண்டி வழியில் நின்றதில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். முதலாவது பாதுகாப்பு. இந்தக் காரில் காற்றுப்பை கிடையாது. இதைவிடப் புதிய வடிவமைப்பான ஆல்டோ 800, 2014-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும் பயணத்துக்கு மட்டுமே இந்தக் கார். நான்குவழிச் சாலையில் சென்னைக்கோ மதுரைக்கோ இதை எடுப்பதில்லை. அதற்கு ரயில் இருக்கிறது. இருக்கைப் பட்டை இல்லாமல் நகர்வதும் இல்லை.

இரண்டாவது புகை. 2020 ஏப்ரல் முதல் வரும் பாரத் ஸ்டேஜ் 6 கார்களோடு ஒப்பிட்டால், எங்கள் வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதலாகவே கெடுக்கிறது. மாதம் 400 கிலோமீட்டர் என்ற அளவும், முறையான புகைச் சான்றும் அந்தக் குற்றத்தைக் குறைக்கின்றன; போக்கவில்லை. அரசும் பழைய வண்டிகளைச் சும்மா விடவில்லை. பதினைந்து ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. 2027-இல் எங்கள் வண்டி அந்த வாசலில் போய் நிற்கும். அன்று பாயைக் கூட்டிப்போய் மறுபடி தரைத் தகட்டைப் பார்ப்போம். தகடு போயிருந்தால் விடைகொடுக்கத் தயங்க மாட்டோம்.

முதல் இரண்டு ஆண்டுக் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். காரின் விலை 85,000. முதல் செலவு 31,000. பிறகு ஆன செலவு 26,000. கூடுதல் பெட்ரோலுக்கு ஒரு 16,000. ஆக 1,58,000 ரூபாய். அதே காலத்தில் தவணை மட்டும் 1,93,000 ரூபாய் போயிருக்கும்; இன்னும் ஐந்தாண்டுத் தவணையும் மிச்சமிருக்கும். புதிய காரை விற்றால் கூடுதல் விலை கிடைத்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதத்து இரவுகளில் அப்பா தூங்கினார் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது?

நண்பர்களே, நம் பொன்மலைப் பணிமனையில் இன்றும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறார்கள். பழையதைப் பேணத் தெரிந்த கைகள் நிறைந்த ஊர் இது. பழைய கார் வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், உங்கள் ஓட்டம் குறைவா, அடித்தகடு உறுதியா, நல்ல மெக்கானிக் ஒருவர் உண்டா, நோட்டில் எழுதும் பொறுமை உண்டா என்று நான்கு கேள்வி கேட்பேன். நான்கிற்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், பழமொழி சொன்ன பெரியவர்கள் பக்கமே நானும் நின்றுகொள்வேன்.

அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். சென்ற வாரம் காரின் முன்கதவைத் தாமே திறந்து ஏறி உட்கார்ந்து, "அந்த ஸ்விட்சை மாத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டையை மாட்டிக்கொண்டார்.