மாதக் குறிப்புகள்: புகைபோக்கியும் பள்ளிக்கூடமும்

தில்லியில் ஓக்லா, ஜசோலா, சுக்தேவ் விஹார் பகுதிகளில் வாழும் அன்பர்கள் நாள்தோறும் காணும் புகைபோக்கி ஒன்றைப்பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். நகரத்துக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் அந்த ஆலை 2012-ல் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் மின்திறன் 16 மெகாவாட்.

குப்பையை எரிக்கும் யோசனை தலைநகருக்குப் புதிதன்று. 1987-ல் டென்மார்க் நாட்டுப் பொறிகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 300 டன் எரிக்கத்தக்க ஆலை ஒன்றைத் திமார்ப்பூரில் அரசினர் நிறுவினர். நம் நாட்டுக் குப்பையோ காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் மண்ணும் கலந்தது, எரிய மறுத்துவிட்டது. 1990-ல் ஆலையை மூடினர். டென்மார்க்குக் குப்பைக்கு ஏற்ற அடுப்பு தில்லிக் குப்பைக்கு ஏற்குமா என்று கேட்பார் அன்று இல்லைபோலும்!

ஈரக் குப்பையால் விளையும் கேடு மின்சாரக் குறைவோடு முடிவதில்லை. குளோரின் கலந்த பிளாஸ்டிக் பொருள்கள் போதிய வெப்பமின்றி எரியுமாயின் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகிறது. புகை மெல்ல ஆறும்போதும் அது மீண்டும் தோன்றக்கூடும். ஆகவேதான் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் 950 பாகை செல்சியஸ் வெப்பமும், அவ்வெப்பத்தில் வாயு 2 விநாடியேனும் தங்குதலும் வேண்டும் என்றன. ஒரு கன மீட்டர் புகையில் டையாக்சின் 0.1 நானோகிராமுக்கு மேற்படலாகாது என்றும் வகுத்தன. அஃதாவது, ஒரு கிராமை ஆயிரம் கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூறு.

இத்துணை நுண்ணிய அளவை யார் அளப்பது? எப்போது அளப்பது? இங்கேதான் சிக்கல். தூசியையும் கந்தக வாயுவையும் புகைபோக்கியில் பொருத்திய கருவி இடைவிடாது காட்டும். டையாக்சினை அவ்வாறு காட்டாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் புகையைப் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். பிடித்த அந்த ஒரு நாளுக்கு மட்டுமே சான்று; ஏனைய நாட்களுக்குச் சான்று இல்லை. சோதனை நாளன்று உலர்ந்த குப்பையையே தேர்ந்து இட்டால் முடிவு எப்படியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

சுக்தேவ் விஹார் மக்கள் 2009-ல் உயர்நீதிமன்றம் சென்றனர். வழக்குப் பின்னர்த் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறியது. 2017 பிப்ரவரியில் தீர்ப்பாயம் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் விதித்து, தொடர்ந்து நடத்தவும் அனுமதி தந்தது. எட்டாண்டுக் காத்திருப்புக்கு இது சிறு பலனே என்பது நம் கருத்து.

சரக்கு ஏற்றியதை மட்டும் எழுதி, இறக்கியதை எழுதாத பேரேட்டை ரயில்வேயில் எந்த மேலதிகாரியும் ஒப்பமாட்டார். அரசினரோ எத்தனை டன், எத்தனை மெகாவாட் என்று உள்ளே சென்றதையும் கட்டியதையும் உரக்கச் சொல்கின்றனர். வெளிவருவதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

பழங்குடி மக்களின் கல்வியிலும் இதே பேரேடுதான். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 73 விழுக்காடு, பழங்குடியினருக்கு 59. இக்குறையைத் தீர்க்க 1997-98-ல் தொடங்கிய ஏகலைவா உறைவிடப் பள்ளிகளை 740 ஆக உயர்த்துவதென அரசு இலக்கு வைத்தது. பள்ளிக்கு 480 மாணவர். நல்ல ஏற்பாடே. ஆனால் கட்டடக் கணக்கு கிடைக்கும் எளிமையில், அங்கே சேர்ந்த பிள்ளை எத்தனை வகுப்பு தாண்டிற்று என்ற கணக்கு கிடைக்கவேண்டாமா? கோண்டி பேசும் பிள்ளைக்கு (அது நம் தமிழுக்கு உறவு மொழி என்பதை நினைவிற் கொள்க) முதல் வகுப்பிலேயே வேற்றுமொழிப் பாடம் எத்துணைப் பாரம் என்பதை, இந்திச் சூழலில் பிள்ளை வளர்க்கும் நமக்கு ஒருவர் விளக்கவேண்டியதில்லை. ஒரிசா அரசு 2007-ல் பழங்குடி மொழிகளிலேயே தொடக்கப் பாடம் கற்பிக்க முற்பட்டது போற்றத்தக்கது.

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்; 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். ஓக்லாப் புகையில் டையாக்சின் பார்த்த தேதிகளையும் முடிவுகளையும் அன்பர் எவரேனும் கேட்டுப் பெற்று அனுப்பினால், இப்பகுதியில் அவற்றை அப்படியே வெளியிடுவோம்.