டாப்பெட் சத்தம் நின்றுவிட்டதா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும்!

ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசடரை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் கேட்டால், வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும். "எஞ்சின் போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையில் அந்த லேசான டாப்பெட் சத்தம் பெரும்பாலும் நல்ல செய்திதான். நெடுநாளாகக் கேட்ட சத்தம், யாரும் கை வைக்காமலேயே அடங்கிப் போனால்தான் உஷாராக வேண்டும்.

இடைவெளி எதற்கு?

அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடியது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வின் தலைக்கு மேலும் ஒரு ராக்கர் ஆர்ம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சூட்டில் இரும்பு விரியும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ராக்கர் அந்த இடைவெளியைத் தாண்டி வால்வைத் தட்டும் சத்தம்தான் 'டிக்'.

இடைவெளி கூடினால் சத்தம் கூடும், இழுவை கொஞ்சம் குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே வேலை செய்வது. சீட்டில் அழுந்தி உட்காரும்போதுதான் அதன் சூடு ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் இறங்குகிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லை. கொதிக்கும் வாயு சந்து வழியாகப் பீறிட்டு, வால்வின் ஓரத்தை எரித்துவிடும்.

பழைய கார்களில் இந்த இடைவெளி குறைய ஒரு முக்கியக் காரணம் உண்டு. முன்பெல்லாம் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். காற்று சுத்தமாக இது அவசியமான மாற்றம். ஆனால், ஈயப் பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் மெதுவாகத் தேயும். சீட் உள்ளே இறங்க இறங்க, வால்வு மேலே ஏறி இடைவெளியை அடைத்துவிடும்.

ஒன்பதுக் கணக்கு

இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்வது வீட்டிலேயே இரண்டு பேர் செய்யக்கூடிய ஞாயிற்றுக்கிழமை வேலை. தேவை ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டால், ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் எஞ்சினை எளிதாகச் சுற்றலாம். பிறகு மேல் மூடியைக் கழற்றினால் எட்டு வால்வும் வரிசையாகத் தெரியும்.

இங்கே ஒன்பதுக் கணக்கு கைகொடுக்கும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ள வேண்டும். 8-வது வால்வு முழுதாகத் திறந்து கீழே இறங்கியிருக்கும்போது 1-வதைப் பார்க்கலாம். 6 இறங்கியிருந்தால் 3, 5 இறங்கியிருந்தால் 4. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துப் பிடித்து நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கியபின், மறுபடியும் ஒருமுறை அளப்பது அவசியம். முடுக்கும்போது அளவு மாறிவிடக்கூடும். ராக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் அதன் மேல் பாலம்போல நின்று தவறான அளவைக் காட்டும். அப்படிப்பட்ட ராக்கரை மாற்றுவதுதான் வழி.

வால்வா, ரிங்கா?

இடைவெளி சரியாக இருந்தும் எஞ்சின் ஒரு காலில் நொண்டினால், கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால், பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதிக்கலாம். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வின் மீதே சந்தேகம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தே குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து நின்றால், வால்வு கைடு அல்லது அதன் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம்.

மத்து கடைவது போல...

ஹெட்டைக் கழற்றிய பிறகு, வால்வையும் சீட்டையும் பொருத்தி உரசும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். வால்வு ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கான கருவியும், கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. கழற்றிய எட்டு வால்வுகளையும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எண் எழுதிச் செருகி வைக்க வேண்டும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே அது திரும்பப் போக வேண்டும்.

சீட்டில் கொஞ்சம் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் உறிஞ்சி உள்ள குச்சியை வால்வில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மோர் கடைவது போல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அவ்வப்போது தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி உருட்டினால், சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் விழும். பேஸ்ட் துளியும் தங்காமல் கழுவி வால்வுகளைப் பொருத்தியபின், ஹெட்டைக் கவிழ்த்து எரியறைப் பள்ளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். கசியாவிட்டால் வேலை சுத்தம்.

இதற்கு எல்லை உண்டு. ஓரம் எரிந்த வால்வு எவ்வளவு உரசினாலும் தேறாது. புதிதுதான் போட வேண்டும். சீட் ஆழமாக இறங்கியிருந்தால், ஹெட் வேலை செய்யும் லேத் பட்டறையில் கடினமான புது சீட் வளையம் பொருத்த வேண்டும். அதன் பிறகு ஈயமில்லாத பெட்ரோல் பற்றிப் பயமில்லை.

இந்தச் செலவுக்குப் பயந்து "வேறு எஞ்சின் போட்டுடலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்டும் முன் ஒரு விஷயம். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல், அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எஞ்சினை மாற்றினால் அந்தத் தகுதியே கேள்விக்குறியாகும்.

கடைசியாக, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், எட்டு வால்விலும் சரிசெய்வதற்கு முன் இருந்த இடைவெளி ஆகியவற்றை எழுதி வர வேண்டும். எல்லாம் கொஞ்சம் மாறினால் சாதாரணத் தேய்மானம். ஒரே வால்வு மட்டும் ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால், அந்த சீட் இறங்குகிறது. நடுரோட்டில் கார் நிற்பதற்குப் பல மாதம் முன்பே நோட்டு அதைச் சொல்லிவிடும்.