கேளாமல் எழுதும் பெயர்கள்

உத்தியோகம் கோரி எழுதப்படும் விண்ணப்பத்தில் வயது, படிப்பு, அனுபவம் முதலியவையெல்லாம் முடிந்த பிறகு, தம்மை நன்கறிந்த, ஆனால் உறவினரல்லாத இருவருடைய பெயரையும் முகவரியையும் கேட்கும் கடைசிப் பகுதியை, நம் இளைஞர்களில் பலர் வெறும் சம்பிரதாயமென்று கருதி, மாமாவின் சிநேகிதரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரையும், ஊரில் பெரிய மனிதரென்று பெயரெடுத்த வக்கீல் ஒருவரையும் எழுதிவிட்டு, அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள். பிறர் வீட்டு நகையைக் கேளாமல் எடுத்து அணிந்துகொண்டு கல்யாணத்துக்குப் போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு நாள் அந்தப் பிரமுகருக்குத் தொலைபேசி வந்து, இன்னார் வேலையில் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், “நல்ல பையன், நல்ல குடும்பம்” என்பதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்?

பிரமுகரின் கையெழுத்துக்கு இருக்கும் இந்த மவுசு நமக்கு வெள்ளைக்காரர் ஆட்சி விட்டுச்சென்ற சொத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்காலத்தில் துரைமார் வீடுகளில் பட்லராகவும் சமையற்காரராகவும் ஊழியம் செய்தோர், பழைய எஜமானர்கள் எழுதிக்கொடுத்த நற்சாட்சிச் சீட்டுகளைக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்து, புது எஜமானரிடம் பணிவோடு நீட்டுவார்கள். பிறருடைய சீட்டை இரவல் வாங்கி வந்தவர்களும் உண்டு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால், தம்மைப் பரிகசித்து எழுதியிருந்த சீட்டையே பெருமையோடு காட்டியவர்களும் உண்டு. சுயராஜ்யம் வந்த பிறகும், முன்பின் பார்த்திராத கெஜட்டட் அதிகாரியின் வாசலில் சான்றிதழ் நகல்களோடு காத்து நிற்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. விண்ணப்பதாரர் தாமே கையொப்பமிட்ட நகல்கள் போதுமென்று மத்திய அரசு 2014-ஆம் ஆண்டில் வலியுறுத்தியபோது, அதனால் யாருக்கும் யாதொரு நஷ்டமும் நேரவில்லை.

ஆகவே, சாட்சியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பதவியில் பெரியவராக இருக்க வேண்டியதில்லை. நம் வேலையைக் கண்ணால் பார்த்தவராக இருந்தால் போதும். இக்கட்டான ஒரு மாத முடிவில் கணக்கு முடிக்கும்போது உடனிருந்த மேற்பார்வையாளரோ, ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய பேராசிரியரோ சொல்லும் இரண்டு வாக்கியங்களுக்கு, மந்திரியின் சிபாரிசுக் கடிதத்துக்கு இல்லாத எடை உண்டு. அவர்களிடமும் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். கேட்கும்போது, “என் வேலையைப் பற்றித் திருப்தியாகச் சொல்ல முடியுமா, ஐயா?” என்று கேட்பதே உசிதம், அவர் சற்றே தயங்கினாலும் அதைப் புரிந்துகொண்டு, வற்புறுத்தாமல் வேறொருவரை நாடிவிடலாம், ஏனெனில் தாட்சண்யத்துக்காகச் சம்மதித்தவருடைய குரலே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். சம்மதித்தவருக்கு, எந்த நிறுவனம், என்ன வேலை என்பதைச் சொல்லி, விண்ணப்பத்தின் நகலையும் அனுப்பிவைப்பது முறை. முடிவு எதுவானாலும் அதைத் தெரிவிப்பதும் முறையே. இதைச் செய்பவர்கள் மிகச் சிலர்.

விண்ணப்பதாரருக்கு இவ்வளவு சொல்லும்போது, வேலை கொடுப்போருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இங்கிலாந்தில் ஸ்பிரிங் என்பவர், தம் பழைய நிறுவனம் அஜாக்கிரதையாக எழுதிய கடிதத்தால் வேலை கிடைக்காமல் போயிற்று என்று தொடுத்த வழக்கில், அத்தகைய கடிதம் எழுதுவோர் தக்க கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர்கள் என்று பிரபுக்கள் சபை 1994-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியிலோ, விலகிச் செல்லும் ஊழியர் தம் வேலைத் திறனையும் நடத்தையையும் குறித்து எழுத்துமூலமான சான்றிதழ் கேட்டுப் பெறச் சட்டமே உரிமை தருகிறது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவருடைய எதிர்காலத்தைக் கெடுக்காததாகவும் இருக்க வேண்டும் என்பதால், புகழுரையிலேயே படித்தரங்கள் ஏற்பட்டு, வெறுமனே “திருப்தி” என்று எழுதினால் சுமாரான ஆள் என்று பொருள் கொள்ளும் விநோதமும் அங்கே வேரூன்றிவிட்டது. நம் நாட்டிலும், 1946-ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி ஆணைகள், வேலைநீக்கம் செய்யப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்குங்கூடச் சேவைச் சான்றிதழ் பெறும் உரிமையை அளித்திருந்தன. இருந்தும், கோபித்துக்கொண்டு ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைக்கும் முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள். ஒருவர் உழைத்த காலத்தை உழைத்தார் என்று எழுதிக்கொடுக்க மறுப்பது, கூலியைப் பிடித்துவைப்பதற்குச் சமமான அநியாயமே.

அதனினும் கொடியது, விண்ணப்பதாரர் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கே, அவரைக் கேளாமல், தேர்வு முடியுமுன் தொலைபேசி செய்து விசாரிப்பது. புது வேலை கிடைக்குமா என்பது நிச்சயமில்லாத நிலையில், அவர் வேறிடம் தேடுகிறார் என்ற செய்தி மேலதிகாரியின் காதுக்கு எட்டிவிட்டால், அதன்பின் அவருக்கு அங்கே சம்பள உயர்வு ஏது, நிம்மதி ஏது? மாதத் தவணையில் வீடு வாங்கியிருக்கும் குடும்பஸ்தருக்கு இது விளையாட்டுக் காரியமன்று. விசாரிக்க விரும்பும் நிறுவனங்கள், ஆளைத் தேர்ந்து, வேலை உறுதி என்று எழுதிக்கொடுத்து, அவருடைய சம்மதத்தையும் பெற்ற பின்னரே தற்போதைய முதலாளியை அணுக வேண்டும். அதுவரை பழைய இடங்களில் விசாரித்துக்கொள்வதே போதுமானது. பூர்த்திசெய்யும் முதல் படிவத்திலேயே இரண்டு பெயர்களைக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் இந்த ஆண்டே விட்டுவிடலாம்.