கேட்டி குறிப்புகள் - 14: சேணத்துல யார் பேரு?

மக்களே, இந்த வாரம் அசைன்மென்ட் புலம்பல் கிடையாது. குதிரை. ஆமா, குதிரையேதான். இன்னும் சரியாச் சொன்னா, குதிரை மேல போடற சேணத்துல அடிக்கிற பித்தளைப் பெயர்த்தகடு. "இதுக்கெல்லாம் ஒரு பதிவாய்யா"ன்னு நினைக்கிறவங்க இப்பவே அடுத்த வலைப்பூவுக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

புதுசா வர்றவங்களுக்கு முன்கதைச் சுருக்கம்: படிக்கிறது ஹூஸ்டன்ல எம்.எஸ்., தங்கியிருக்கிறது கேட்டியில அக்கா வீட்டுல. அக்கா மகளுக்கு வயசு பத்து. பரதநாட்டியம், கீபோர்டு எல்லாம் ஒரு ரவுண்டு முடிச்சிட்டு ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலையில குதிரை ஏறப் போறா. டிரைவர் நான்தான்.

கேட்டியில இது ஒண்ணும் அதிசயமில்லை. ஃபுல்ஷியர், புரூக்‌ஷயர் பக்கம் வண்டியை விட்டீங்கன்னா வேலி போட்ட புல்வெளியும் லாயமும் நிறைய வரும். இங்க பள்ளி மாவட்டமே தனியா ரோடியோ நடத்துது. 1952-ல பிரென்ஹாம்லேர்ந்து நாலே பேர் குதிரை மேல ஹூஸ்டன் ரோடியோவுக்குக் கிளம்பினதுதான் இன்னிக்கு வரைக்கும் நடக்கிற சால்ட் கிராஸ் டிரெயில் ஊர்வலத்தோட ஆரம்பம். அந்த நாலு பேர்ல ஒருத்தர் எமில் மார்க்ஸ். அவரோட எல்எச்7 பண்ணை இருந்தது நமக்குப் பக்கத்துல, பார்க்கர்ல. எல்எச்7-ங்கறது அவர் மாட்டுக்குப் போட்ட சூட்டுக்குறி. டெக்சஸ்ல சூட்டுக்குறியைக் கவுண்டி அலுவலகத்துல பதிவு பண்ணணும், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கடைசியா 2021-ல நடந்தது. தன்னோடதுன்னு அடையாளம் போடறதுல அவ்வளவு கறாரான ஊர்.

நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? கல்யாணத்துக்குக் குடுக்கிற எவர்சில்வர் குடத்துலேர்ந்து ஸ்பூன் வரைக்கும் கடைக்காரர் "கிர்ர்ர்"னு மிஷின்ல பேர் வெட்டித் தர மாட்டாரா? எங்க வீட்டுல ஒரு தூக்குச்சட்டி மேல இருக்கிற பேரைப் பார்த்துத்தான் பாட்டியோட முழுப்பேரே எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அவங்க வெறும் ஆச்சி.

சரி, விஷயத்துக்கு வருவோம். அக்கா போன மாசம் ஒரு பழைய சேணம் வாங்கினா. 16 இன்ச் இருக்கை, இங்கிலிஷ் வகை. உக்கார்ற இடத்துக்குப் பின்னால விளிம்பு மேலெழும்பி நிக்கும் பாருங்க, அதைக் கேன்டில்னு சொல்றாங்க. அதோட பின்பக்கம் நட்ட நடுவுல வேற ஒரு பொண்ணு பேர் போட்ட தகடு. பக்கத்து மடலைத் தூக்கிப் பார்த்தா 'மேட் இன் இந்தியா' முத்திரை. அனேகமா கான்பூரா இருக்கும். வெள்ளைக்காரன் 1860-கள்ல பட்டாளத்துக்காக அங்க சேணத் தொழிற்சாலை ஆரம்பிச்சான். இன்னிக்குக் கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு. (நம்ம சென்னையில தீவுத்திடல் பக்கம் 1839-லேர்ந்து குதிரை மேல உக்காந்திருக்கிற மன்றோ துரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. தகடு பிரச்சினையே இல்லாத மனுஷன்.)

பழைய தகட்டைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அதோட நீள அகலத்தையும், ரெண்டு ஆணிக்கும் நடுவுல உள்ள தூரத்தையும் அளந்து வச்சுக்கணும். தோல்ல விழுந்த ஓட்டை விழுந்ததுதான், மூடாது. புதுத்தகடு அதே அளவுல இருந்தா பழைய ஓட்டையிலேயே உக்காரும். இல்லாட்டி நாலு ஓட்டை, விக்கும்போது விலை குறையும். பத்து வயசுப் பொண்ணு இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல 17 இன்ச் கேப்பா, இதை வித்துத்தான் ஆகணும். அதனாலதான் சிலர் தகடே வேண்டாம்னு இருக்காங்க. வைக்கிறதா இருந்தா கையால வளைக்க வர்ற மெல்லிய தகடாப் பார்த்து வாங்கணும், ஏன்னா கேன்டில் வளைவா இருக்கும். முதல்ல ஒரு பாட்டில் மேல வச்சு மெதுவா வளைச்சுட்டு அப்புறம் பொருத்தணும். ஆணி நீளமா இருந்தா முனை எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், யாருக்குக் குத்தும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கிற கூடு மரமா இருந்தா ஆணி பிடிக்கும். பிளாஸ்டிக்னா நிக்காது, சேணம் தைக்கிறவர்கிட்ட குடுத்துடறது உத்தமம். பசை போட்டு ஒட்டறதுல எனக்கு நம்பிக்கையில்லை, தோலுக்குப் போடற எண்ணெய் அடியில இறங்கினா கழண்டு வந்துடும்.

உலோகம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கறுக்காது. ஜெர்மன் சில்வர்னு ஒண்ணு, அதுல வெள்ளி ஒரு பொட்டு கூடக் கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆனா பழுப்புத் தோலுக்குப் பித்தளைதான் அழகு. ஹூஸ்டன் புழுக்கத்துல சீக்கிரம் மங்கும், தோல்ல இருக்கிற கொழுப்பு பட்டு ஓரத்துல பச்சையா மெழுகு மாதிரி ஒண்ணு கிளம்பும். அதை மரக்குச்சியால சுரண்டி எடுத்துடலாம்.

குத்துவிளக்கு தேய்ச்சுப் பழகின நம்ம கை உடனே புளிக்கும் பீதாம்பரிக்கும் போகும். வேண்டவே வேண்டாம். புளித்தண்ணி தோலைக் கெடுத்துடும், பொடி எழுத்தைத் தேய்ச்சுடும். ஒரு அட்டையில தகடு அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டி மேல வச்சுக்கிட்டு, காது குடையற பஞ்சுக்குச்சியில துளி பாலிஷ் தொட்டுத் துடைச்சா போதும். எழுத்துக்குள்ள வெள்ளையாத் தங்கினா பழைய டூத்பிரஷ். வருஷத்துக்கு ரெண்டு தடவை தாராளம். மத்த நாள் சவாரி முடிஞ்சதும் வியர்வை உப்பை ஈரத்துணியால துடைச்சு, உடனே காயவைச்சுடணும். லாக்கர் பூசின தகடுன்னா பாலிஷ் பக்கமே போகாதீங்க, பூச்சு அங்கங்க உரிஞ்சு தேமல் மாதிரி ஆயிடும்.

தகட்டை நம்பித் திருட்டுக்குப் பயப்படாம இருக்க முடியாது, ஸ்க்ரூடிரைவர்ல நெம்பினா வந்துடும். மடலுக்கு அடியில சீரியல் நம்பர் இருந்தா போட்டோ எடுத்து வச்சுக்கிறது நல்லது.

இப்ப வீட்டுல நடந்த யுத்தம். பொண்ணு பேர்ல ஒரு ழ இருக்கு. (முழுசாச் சொன்னா அக்கா உதைப்பா.) வச்சது எங்கப்பா, அவர் இப்ப இல்லை. லாயத்துல யாருக்கும் வாயில நுழையாம ரெண்டெழுத்தாச் சுருக்கிக் கூப்பிடறாங்க. தகட்டுல அந்த ரெண்டெழுத்துதான் வேணும்னா பொண்ணு. அக்கா ஒண்ணும் சொல்லலை, எழுந்து கிச்சனுக்குப் போயிட்டா. பாத்திரம் விழற சத்தம் மட்டும் வந்தது.

நான் முழுப்பேர் கட்சி. சுருக்கின பேர் கூப்பிடறவங்களுக்காக, பித்தளையில வெட்டறது அவளுக்காகன்னு சொல்லிப் பார்த்தேன். "மாமா, தொலைஞ்சு போனா எடுக்கிறவங்களுக்குப் படிக்கத் தெரியணும்ல?"ன்னு ஒரே போடு. பதில் இல்லை. ஃபோன் நம்பர் ரெண்டாவது வரியில வரும், அதைப் படிச்சா போதும்னு அத்தான் சமாதானம் பண்ணினார். முழுப்பேரை இங்கிலிஷ்ல எழுதி எண்ணினா 'இசட் எச்' சேர்த்துப் பதினொண்ணு. ரெண்டரை இன்ச் தகட்டுல நசுங்கும்.

ராத்திரி அவளே வந்து கேட்டா, "தமிழ்ல போட்டா அஞ்சு எழுத்துதானே?" ஏம்மா திடீர்னு இப்படின்னேன். "லாயத்துல வேற யாரும் அது அவங்களோடதுன்னு சொல்ல முடியாதே!" அக்கா அதுக்கும் ஒண்ணும் சொல்லலை, ஆனா தோசை ஒண்ணு கூடுதலா வந்தது.

லேசர்ல வெட்டித் தர்ற கடைக்காரர் படமா அனுப்பினா எந்த மொழியும் சரின்னுட்டார். முதல் வரி தமிழ்ப்பேர், ரெண்டாவது வரி நம்பர்னு முடிவாச்சு. சிக்கல் என்னன்னா, கால் இன்ச் உயரத்துல ழ-வோட கீழ்ச்சுழி அடைச்சுக்கிட்டு வெறும் புள்ளியாத் தெரியுது. சுழி திறந்து நிக்கிற மாதிரி, கோடு ஒரே தடிமனா இருக்கிற எழுத்துரு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள படம் அனுப்பணும்.