ஒரே பெட்டி, இரண்டு ஞாபகங்கள்

பழைய 'பூம்பொக்ஸ்' கசெற் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போர் அமெரிக்காவிலும் உளர், ரஷ்யாவிலும் உளர். இரு சாராரும் பெரிதும் நாடுவது 1980களின் முற்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் தயாரித்த பெட்டிகளையே. ஆயினும் இரு சாராரது ஆசையும் ஒன்றல்ல. இதனை வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அமெரிக்கருக்கு அது தெருவுக்கு உரிய பொருள். எல்.எல். கூல் ஜே 1985இல் வெளியிட்ட 'ரேடியோ' இசைத்தட்டின் அட்டையை நிறைத்திருப்பது ஜே.வி.சி. ஆர்.சி.-எம்90. ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' (1989) திரைப்படத்தில் ரேடியோ ரஹீம் என்ற கறுப்பின இளைஞன் தன் பெட்டிக்கென 20 பெரிய பற்றரிகளைக் கேட்டு வாங்குகிறான். பீற்சாக் கடைக்காரர் அப்பெட்டியை மட்டையால் அடித்து நொறுக்குகிறார். தொடரும் கைகலப்பில் பொலிஸாரின் பிடியில் மூச்சடங்கி அவன் இறக்கிறான். படத்தில் அவன் சுமந்து திரிந்த பெட்டி இன்று வாஷிங்டனில், ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. பருமனும் பளபளப்பும் அதிரும் ஒலியும் அங்கு முதலிடம் பெறுவதில் வியப்பில்லை.

சோவியத் மண்ணிலோ அப்பெட்டி எட்டாக்கனி. கப்பல் மாலுமிகளோ வெளிநாட்டில் பணியாற்றியோரோ கொண்டுவர வேண்டும். அல்லது சாதாரண ரூபிள் செல்லாத 'பெரியோஸ்கா' கடைகளில் வாங்க வேண்டும். வந்து சேர்ந்த பின்னரும் தொல்லை தீராது. சோவியத் பண்பலை ஒலித்தது 65.8 முதல் 74 மெகாஹேர்ட்ஸ் வரையில். மேற்குலகுக்கென ஆக்கப்பட்ட பெட்டிகளின் பண்பலை முள்ளோ 88இலிருந்து 108 வரைதான் நகரும். ஆகவே பெட்டியைத் திறந்து, கம்பிச் சுருள்களை மாற்றிப் பற்றவைக்கும் கைவினைஞர்கள் தேவைப்பட்டனர்.

சிற்றலையின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த பெட்டிகள் பலவற்றில் அது இருக்கவேயில்லை. எவரும் அதைப் பெரிதாகத் தேடவுமில்லை. சோவியத் உள்நாட்டு வானொலிகளிலோ 25 மீற்றருக்குக் குறைந்த பட்டைகள் வழக்கமாக விடுபட்டிருந்தன. வெளிநாட்டு ஒலிபரப்புகளை மறித்த இரைச்சல் 1988இல் முற்றாக ஓயும்வரை, அப்பட்டைகளில்தான் குரல் ஓரளவு தெளிவாகக் கேட்டது. இறக்குமதிப் பெட்டியின் அருமை பாட்டோடு மட்டும் நின்றதன்று. பற்றரித் தடை நிலவிய 1990களின் யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சேகரிப்போர் சந்தையில் கைபடாத மூலநிலைக்கே மதிப்பு அதிகம். அந்த அளவுகோலின்படி, சோவியத் அலைவரிசைக்கு மாற்றப்பட்ட பெட்டி பழுதுபட்டதாகவே கணிக்கப்படும். இது அமெரிக்க ஞாபகத்தைக் கொண்டு ரஷ்ய ஞாபகத்தை அளப்பதாகும். அத்தகைய பெட்டியொன்று என் கைக்குக் கிட்டுமாயின், உள்ளேயுள்ள அந்த ஈயப் பற்றுக்களை ஒருவரையும் தொடவிடமாட்டேன்.